சின்ன விஷயக்காரர்

“அண்ணே, ஒரு சின்ன விஷயம்.”

இரவு பத்தரைக்கு மேல் வாட்ஸ்அப்பில் இந்தக் குரல் வந்தால், மறுநாள் வேலை போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயக்காரர் பெரிய விஷயம் எதையும் வாய் திறந்து பேசமாட்டார். மேசையின் நீள அகலம், கெடு, கூலி எதைக் கேட்டாலும் “அதெல்லாம் நீங்க பாத்துச் செய்ங்கண்ணே” என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார். ஆனால் லயத்து வீட்டின் பின்வாசலுக்குப் படி இரண்டா மூன்றா என்பதற்கு நான்கு குரல் செய்தி வரும். இரண்டாவது முதலாவதைத் திருத்தும். மூன்றாவது இரண்டாவதை ரத்து செய்யும். நான்காவதில், “மொதல்ல சொன்னதே இருக்கட்டும்ண்ணே, கொழப்பிக்காதீங்க.”

தையற்காரர், தச்சர், கல்யாண மண்டபம் அலங்கரிப்பவர் எல்லாருக்கும் இவரைத் தெரியும். என்னிடம் வரும்போது மட்டும் இவருக்கு ஒரு கூடுதல் வசதி கிடைக்கிறது. நான் விற்பதே சின்ன விஷயம்தான். மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, அளவு நாடா பிடித்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறவர்களுக்கு மலை, மரம், வீடு, பாலம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சிப்பாயின் உயரம் 28 மில்லிமீட்டர். அவனுக்கேற்ப உலகத்தை 56 பங்காகக் குறுக்க வேண்டும். ஒரு குன்றை மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஸ்டைரோஃபோமில் அறுத்து முடித்துவிடலாம். குன்றின் மேல் நிற்கும் தண்ணீர்க் குழாய்க்குத்தான் ஒரு நாள் முழுக்கப் போகும். சின்ன விஷயக்காரரின் கணக்கு இதற்கு நேர் எதிர்: பொருள் சின்னது, ஆகவே வேலை சின்னது, ஆகவே கூலியும் சின்னது.

இவர் யார் என்று கேட்காதீர்கள். பேராக் முழுக்க இவர் இருக்கிறார். என் கைபேசியில் இருப்பவர் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

அவர் கேட்டது சிலிம் ரிவர் சண்டை. தேர்வில் குறை சொல்லமாட்டேன். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கம் பெருஞ்சாலையில் இறங்கி, ஹைதராபாத் படை, பஞ்சாப் படை, ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆர்கைல் படை என்று வரிசையாகப் பிளந்துகொண்டு போன சண்டை அது. ரோட்டை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் காட்டுக்குள் சும்மா கிடந்தன. டாங்கிகள் அவற்றில் புகுந்து, தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்தன. மேசையில் ஆட இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. ஒரு ரோடு, அதில் இரண்டு வளைவு, ஒரு பாலம், இருபுறமும் நிரை பிடித்த ரப்பர் மரம். படம் வரைந்து காட்டினேன். “சூப்பர்ண்ணே” என்றார்.

அப்புறம் சின்ன விஷயங்கள் வர ஆரம்பித்தன. ரோட்டோரம் ஒரு லயம் வைக்கலாமா? வைக்கலாம், தோட்டம் என்றால் லயம் இருக்கும்தானே. லயத்துக்கு எதிரே ஆயாக்கொட்டகை. சரி. வேப்பமரத்தடியில் முனியாண்டி, கையில் அரிவாளோடு. சரி. கிராணி வீடு, பெரட்டு எடுக்கும் இடம், பால் நிறுக்கும் கொட்டகை. சரி, சரி, சரி. கொட்டகைக்குப் பின்னால் பந்துத் திடல், இரண்டு பக்கமும் கோல் கம்பம், அதில் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கேட்டேன். யோசிக்காமல் “கோயில் பக்கம்” என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சிலிம் ரிவர் கோல் கம்பத்தின் சாய்வு இவருக்கு எப்படித் தெரியும்?

அது சிலிம் ரிவரே கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் இவர் பிறந்து வளர்ந்த தோட்டம். இரண்டுக்கும் நடுவே ஈப்போ, கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் எல்லாம் கிடக்கின்றன. கேட்டால், “ஜப்பான்காரன் எங்க ஊரு ரோடு வழியாத்தானேண்ணே ஈப்போவுக்கு வந்தான்?” வந்தான்தான். கோலகங்சாரிலிருந்து பெருஞ்சாலை வழியாக ஈப்போவுக்கு வருகிறவன் சுங்கை சிப்புட்டைத் தாண்டாமல் வரமுடியாது. சரித்திரத்தை வைத்து இவரை மடக்க முடியாது என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன்.

முழுசாகப் புரியவில்லை போலும். அடுத்த வாரமே, “ஒரு சின்ன விஷயம்ண்ணே. மூணாவது வீட்டுக் கூரையில டிவி அண்டெனா வச்சிடுங்க.” நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியதே 1963 டிசம்பர் 28ஆம் தேதி என்றேன். சண்டை நடந்து ஏறத்தாழ இருபத்திரண்டு வருஷம் கழித்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பின்பக்கமா வைங்கண்ணே,” என்றார். “ரோட்டுல போற ஜப்பான்காரன் கண்ணுக்குத் தெரியாது.”

வைத்தேன்.

மரக் கணக்கு இதைவிட மோசம். மேசை ஆறடிக்கு நாலடி. 56 மடங்கு விரித்தால் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம், எழுபது மீட்டர் அகலம். ஒன்றேமுக்கால் ஏக்கர் நிலம். ஏக்கருக்கு நூற்றுச் சொச்சம் மரம் என்று பார்த்தால், ரோடும் லயமும் திடலும் போக மீதி இடத்துக்கே நூறு மரம் வேண்டும். முற்றிய மரம் இருபது மீட்டர் வளரும் என்றால், மேசையில் அது ஒன்றேகால் அடி. அத்தனையும் நட்டால் உள்ளே கை நுழையாது. சிப்பாயை நகர்த்த இடுக்கி வேண்டும், உள்ளே உருண்ட பகடை உள்ளேயேதான். இந்த ஆட்டத்தில் அதற்கொரு வழக்கம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மரம் ஒரு காட்டுக்கு ஈடு. ஒவ்வொன்றும் தனித் தட்டில் நிற்கும், படை உள்ளே வந்தால் மரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஆடலாம். பொறுமையாக விளக்கினேன்.

“மரத்த எடுத்துட்டா அது தோட்டமாண்ணே?”

இவர் தோட்டத்தில் நிஜமாகவே ரப்பரை எடுத்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் எடுத்துவிட்டுத் தாமான் கட்டினார்கள். வாயை மூடிக்கொண்டு கம்பி முறுக்க உட்கார்ந்தேன்.

கம்பியை முறுக்கி, மரத்தூளும் பசையும் கலந்து அப்பி, பட்டை வரும்படி கீறி, சாம்பல் நிறம் பூச வேண்டும். ஈப்போவின் சாயங்கால மழையில் பசை காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். இந்தப் பாடுபட்டு முதல் நிரை முடிந்ததும் வெட்டுக்கோடு கேட்டார். இடது மேலிருந்து வலது கீழாக, முப்பது பாகைச் சாய்வில், பாதி மரத்தைச் சுற்றி. பால் நாளங்கள் பட்டைக்குள் நேராக ஏறாமல் லேசாக வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சாய்வில் வெட்டினால்தான் நிறைய நாளங்கள் அறுபட்டுப் பால் அதிகம் வரும். இது நான் புத்தகத்தில் படித்தது. அவர் எங்கே படித்தார் என்பதை மாமாக் கடையில் காட்டினார். மேசையில் கிடந்த சாத்தே குச்சியை எடுத்து, என் தே ஐஸ் கிளாஸின் வெளிப்புறம் முத்துமுத்தாய்க் கோத்திருந்த நீரில் கோடு இழுத்தார். ஒரே இழுப்பாக இல்லை. குத்தி, சின்னதாய் இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, நாற்காலியை அரை அடி நகர்த்தி, மறுபடி இழுத்து. “அம்மா இப்படித்தான் சீவும். பட்டை அஞ்சு காசு கனத்துக்கு மேல போகக்கூடாது. மரத்துல காயம் பட்டுச்சு, தண்டல் கத்துவான்.” கோட்டின் முனையில் நீர் திரண்டு இறங்கியது. மேசையில் சொட்டும் முன்னே, பேச்சை நிறுத்தாமல், தன் காப்பித் தட்டை எடுத்து அதற்குக் கீழே வைத்தார்.

மனுஷன்மேல் ஒரு பிரியம் வந்தது. வந்த நிமிஷமே, “எல்லா மரத்துலயும் மங்கு வேணும்ண்ணே. சின்ன மங்குதானே” என்றார்.

பால் பிடிக்கும் மங்கு நிஜத்தில் கையகலம். 56 பங்காகக் குறுக்கினால் இரண்டு மில்லிமீட்டர்கூடத் தேறாது. களிமண்ணில் உருட்டினால் ஒன்றுபோல் ஒன்று வரவில்லை. கடைசியில் கடுகுதான் கைகொடுத்தது. கடுகைப் பாதியாய்ச் சீவி, மரத்தில் ஒட்டி, செம்மண் நிறம் பூசி, மேலே ஊசி முனையால் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க வேண்டும். நூறு மரத்துக்கு இப்படி. வீட்டில் தாளிக்கக் கடுகு இல்லை என்று நடந்த சண்டைக்கு யாரும் மேசை செய்து தரவில்லை. மங்கு ஒட்டிய அன்று வந்து பார்த்தார், மேசையோடு ஒரு செல்ஃபி எடுத்தார், போனார். இரவு பத்தே முக்காலுக்குக் குரல் செய்தி: “அண்ணே, எல்லா மரத்துலயும் கோடு திரும்பியிருக்கு. எடது கைக்காரனா வெட்டினான்?” முன்கேமரா இடம் வலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. நேரே நின்று எடுத்த படத்தை அனுப்பினேன். “ஓ” என்றார். “இருந்தாலும் ஒரு தடவ செக் பண்ணிடுங்கண்ணே.”

தூரங்களையும் சொல்லியாக வேண்டும். போட்டோ ஒன்றும் இல்லை. எல்லாம் எட்டு வைத்து நடந்த கணக்கு. லயத்திலிருந்து குழாயடிக்கு முப்பது எட்டு, குழாயடியிலிருந்து கோயிலுக்கு ஐம்பது. அளந்து வைத்தால் கோயில் மேசையை விட்டு வெளியே போய்விடும் போலிருந்தது. கால்வாய் ஆறு மாதிரி அகலம் வேண்டும் என்றார். கிராணி வீட்டுப் படி மார்பு உயரம் என்றார். யார் மார்பு என்று கேட்டேன். அவருக்கு அப்போது ஆறு வயது. நிஜத்தை 56 பங்காகக் குறுக்க எனக்குத் தெரியும். ஆறு வயதுக் கண்ணை எத்தனையால் வகுப்பது?

இத்தனைக்கும் பிறகு அவர் அதில் ஒரு நாளாவது ஆடியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இந்தத் தொழிலின் மூத்த வாடிக்கையாளர் ஓர் அரசர். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் ஈர மணலில் நிலம் செய்து போர் ஆடிக் காட்ட, அதைக் கேள்விப்பட்டு மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் பார்க்க ஆசைப்பட்டார். மன்னர் முன்னால் மணலைக் கொட்டுவது மரியாதையில்லை என்று ரைஸ்விட்ஸ் அவகாசம் கேட்டு, 1812இல் ஒரு பெரிய மேசையும், வர்ணம் தீட்டி மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நிலத்துண்டுகளுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். மன்னர் வாங்கினார், ஆடினார். நூறு வருஷம் கழித்து, 1913இல் இந்த ஆட்டத்துக்குப் புத்தகமே எழுதிய எச்.ஜி. வெல்ஸுக்கு அந்த மேசைகூடத் தேவைப்படவில்லை. வீட்டுத் தரையும், பிள்ளைகளின் மரக்கட்டைகளும், அட்டை வீடுகளும் போதுமாயிருந்தன.

நம்மவர் என்ன செய்தார்? முன்கூடத்தில் வைத்து, மேலே கண்ணாடிப் பெட்டி மாட்டினார். அக்காள் பையன்கள் இரண்டு பேர் மாதக் கணக்கில் வர்ணம் பூசிய ஜப்பானியப் படையோடு ஆசையாய் வந்திருந்தார்கள். “மேல வைக்காதடா, கூரை நசுங்கிடும்.” டாங்கி ரோட்டில்தானே போகும் என்று பெரியவன் வாதாடிப் பார்த்தான். “ரோடும் கீறிடும்.” பையன்கள் தரையில் நாலு புத்தகத்தை அடுக்கி மலை என்று வைத்துக்கொண்டு ஆடினார்கள். வெல்ஸ் பார்த்திருந்தால் அவர்கள் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். என் மேசைமேல் ஒரு ஜப்பான்காரனும் இன்றுவரை கால் வைக்கவில்லை. மலாயாவில் ஜப்பானியரை முழுசாகத் தடுத்து நிறுத்திய ஒரே தோட்டம் அதுதான்.

பணக் கதைக்கு வருகிறேன், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முதலில் பேசியது ரோடு, வளைவு, பாலம், பன்னிரண்டு மரத்துக்கு. கொடுத்தது ஒரு தோட்டம். பேசிய தொகையிலும் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. மீதியைக் கேட்டால், “என்னண்ணே, சின்னப் பணத்துக்குப் போய்…” பசையும் சாயமும் பால்சா மரமும் விற்கிற கடைக்காரர் என்னிடம் அப்படிச் சொல்லமாட்டார். இதே ஈப்போவில் ஒரு சீனப் பையன் விண்வெளிப் போருக்கு இடிந்த தேவாலயம் ஒன்று கேட்டான், படத்தைப் பார்த்தான், பணத்தைப் போட்டான், எடுத்துக்கொண்டு போனான். அவனைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிதான் இருக்கிறது, அவன் நல்லாயிருக்கட்டும். கைவேலைக்காரனிடம் பாசமாய்ப் பேசுவதும் கூலியை இழுத்தடிப்பதும் ஒரே ஆளால் முடிகிறது. நம் ஊரில் அது நிறையவே முடிகிறது.

ஆகவே, ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் இனி மேசை கேட்டு வருகிறவர்கள் கவனிக்க. பாதிப் பணம் முன்னால், மீதி மேசை வாசல் தாண்டும்போது. வரைந்த படத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு வரும் சின்ன விஷயம் ஒவ்வொன்றுக்கும் இருபது வெள்ளி, இரவு பத்துக்கு மேல் வந்தால் நாற்பது. மங்குக்குத் தனி விலை. கடுகு நீங்களே வாங்கி வரவேண்டும்.