பைத்தனும் பெரியப்பாவும்

தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த இணுவிலில் தனி ஆவர்த்தனத்துக்கு எப்போதும் குறைவில்லை. இப்போதைய தாளம், நிரல்மொழிகளில் பைத்தனா ஜாவாவா. "ஜாவாவிலை பத்து வரி, பைத்தனிலை ஒரு வரியண்ணை!" என்று பெடியள் சந்தியில் முழங்குகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதிய ஆளைத்தான் காணோம். பைத்தன் என்ற பெயரே மொண்டி பைத்தன் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்ததாம், பொருத்தம்தான்.

பெரியப்பாமாரின் துறை வாட்ஸ்அப். ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்று 2019இல் நிறுவனம் பூட்டுப் போட்டது. அதனாலென்ன? ஐந்தைந்தாக அனுப்பி, வெங்காயச் சாற்றால் சலரோகம் மாறும் சேதியை விடிவதற்குள் டொரொன்டோ சேர்த்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களை இலவசமாக வைத்திருக்கும் 'நூலகம்' மின்னூலகம் 2005இலிருந்து இருக்கிறது. அதை ஏன் ஒருவருக்கும் அனுப்புவதில்லை என்று கேட்டேன்.

"அது வாசிக்கவெல்லோ வேணும், தம்பி."