பெயர்ச் சிக்கனத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்:
வீதிகளுக்குப் பெயர் சூட்டும் மேன்மை தாங்கிய பெரியோர் அனைவரும்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஒரே பெயரைப் பல வீதிகளுக்கு ஓட்டி, மாநகரின் பெயர்ச் செலவைக் குறைத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மேன்மை தாங்கிய பெரியோர்களே,

போன வாரம் ஒரு நாள் விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். கேட்டுக்கு வெளியே இரண்டு பையன்கள் நின்றார்கள். "ஏனுங்க, பழனிசாமிங்களா?" என்றார்கள். ஆமாங்க என்றேன். "புல்லட்டு டியூவும் கட்ட மாட்டீங்கறீங்க, போனும் எடுக்க மாட்டீங்கறீங்க. வண்டிய எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கறீங்க?" என்று வீதிக்கே கேட்கிற மாதிரி ஒருவன் சத்தம் போட்டான். கொங்கு மண்ணில் மிரட்டலுக்கும் 'ங்க' உண்டு. என்னிடம் இருப்பது ஒரு கிழட்டு டி.வி.எஸ். பிஃப்டி. அதை ஒளித்து வைக்கத் தேவையில்லை, சாவியோடு விட்டாலும் எவனும் தொட மாட்டான்.

எதிர்வீட்டு அக்கா கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு மதில் ஓரம் வந்து, "ஏனுங்கண்ணா, புல்லட்டெல்லாம் வாங்கீருக்கறீங்க, சொல்லவே இல்லீங்களே" என்றார். சம்பந்தி வீட்டார் வந்து தங்கியிருந்த நேரம் வேறு. சம்பந்தியம்மா காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் வைத்திருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பழனிசாமி, சரி. கதவு எண், சரி. மாரியம்மன் கோயில் வீதி, சரி. கோயம்புத்தூர், சரி. பின்கோடு மட்டும், தெரியாதவர்கள் எல்லாரும் போடுகிற 641001. பாக்கிக்காரர் வேறொரு மாரியம்மன் கோயில் வீதியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதை நான் விளக்கி முடித்ததும் பெரியவன், "அப்ப அந்தப் பழனிசாமி நீங்க இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க சார்" என்றான். நான் நானல்ல என்று எழுதி, கீழே என் பெயரையே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பையன்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் பிழைப்பு அது. புகழ் முழுவதும் தங்களையே சேரும்.

கோயம்புத்தூர்க்காரன் சிக்கனக்காரன் என்று ஊர் உலகம் சொல்லும். ஆனால் பெயரில்கூட மிச்சம் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் தாங்கள்தான். நாலு வீதிக்கு நாலு பெயர் வைப்பது ஊதாரித்தனம். ஒரே பெயரை நாலு வீதிக்கும் வைத்தால் மூன்று பெயர் மிச்சம். அப்படி இத்தனை ஆண்டுகளாக மிச்சப்படுத்திய பெயர்களை எந்தக் குடோனில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் தெரிவித்தால், வரி கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

மாரியம்மனைக் குற்றம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு, அதற்கு ஒரு வீதி உண்டு. அந்தந்த ஊருக்குள் அது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அது பெயரே அல்ல, வழி. பள்ளிக்கூட வீதியும் பிள்ளையார் கோயில் வீதியும் அப்படித்தான் பிறந்தன. 1981இல் கோவை மாநகராட்சி ஆனபோது சிங்காநல்லூர் போன்ற ஊர்கள் உள்ளே வந்தன. 2011இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று ஒரு பட்டியலே சேர்ந்தது. 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 257 ஆனது, 72 வார்டு 100 ஆனது. பரப்பு பெருகியது, வார்டு பெருகியது, பெயர் மட்டும் பெருகவில்லை. இதுதான் நிர்வாகத் திறமை. ஊருக்கு ஒன்றாக இருந்த மாரியம்மன்களை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தீர்கள். எந்த மாரியம்மன் எங்கே என்று குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கும் செலவும் மிச்சம்.

போகிற ஊரின் பெயரை ரோட்டுக்கு வைக்கும் பழக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். கோவையிலும் அவிநாசி ரோடு, திருப்பூரிலும் அவிநாசி ரோடு. ஈரோட்டிலும் சத்தி ரோடு, இங்கேயும் சத்தி ரோடு. இரண்டிலும் ஏறிப் போனால் சொன்ன ஊர் வந்துவிடும், வாக்குத் தவறாத ரோடுகள். பெர்லினைச் சுற்றியிருந்த ஊர்களும் தலைநகருக்குப் போகும் தெருவை 'பெர்லினர் ஸ்ட்ராசே' என்றுதான் அழைத்தன. 1920இல் 7 நகரங்களையும் 59 கிராமங்களையும் பெர்லின் விழுங்கியபோது அத்தனை பெர்லின் தெருவும் பெர்லினுக்குள்ளேயே வந்து சேர்ந்தன. இன்றைக்கும் அங்கே அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்கள் இருக்கின்றன. ஆகவே தங்களுக்கு ஜெர்மனியிலும் சொந்தக்காரர்கள் உண்டு, பெருமைப்படலாம். லண்டன்காரர்கள்தான் ஊதாரிகள். கிங் ஸ்ட்ரீட்டும் குயின் ஸ்ட்ரீட்டும் பெருத்துப்போனதும், 1855இல் அமைத்த பெருநகர வாரியத்திடம் பொறுப்பைக் கொடுத்து, இரட்டைப் பெயர்களைத் தேடித் தேடி மாற்றினார்கள். எத்தனை பெயர் வீண்!

சாமிக்கு அடுத்தபடி தலைவர்கள். காந்திபுரத்துக்குப் போக வேண்டியவர் காந்தி பார்க்கில் இறங்கி நிற்பதும், காந்தி பார்க்குக்குப் போக வேண்டியவர் காந்திமாநகர் பஸ்ஸில் ஏறிவிடுவதும் வெளியூர்க்காரர்களுக்கு நாம் வைக்கும் நுழைவுத் தேர்வு. பாரதியாரும் அப்படியே. பாரதி பார்க் வீதிகள் சாயிபாபா காலனியில், பாரதியார் ரோடு பாப்பநாயக்கன்பாளையத்தில், பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலைப் பக்கத்தில். நேரு வீதி ராம் நகரில், நேரு நகர் காளப்பட்டிப் பக்கத்தில். இவர்கள் ஊர் ஊராகச் சுற்றியவர்கள்தான். அதற்காக அவர்களைத் தேடி நாமும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது தங்களின் தேசபக்தி.

சாமியும் தலைவரும் தீர்ந்தால் எண். காந்திபுரத்தில் மூன்றாவது வீதி, ஒட்டினாற்போல டாடாபாத்திலும் மூன்றாவது வீதி. போதாக்குறைக்கு 'எக்ஸ்டென்ஷன்' என்று ஒரு வால். வீதியைக் கண்டுபிடித்துவிட்டால் வீட்டு வாசலில் 'பழைய எண்', 'புதிய எண்' என்று இரண்டு காத்திருக்கும். பெயரில் பிடித்த மிச்சத்தைக் கதவு எண்ணில் செலவழித்துவிட்டீர்களோ என்று மட்டும் சிறு ஐயம்.

ஒரு விநோதத்தையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஜி.டி. நாயுடு முயற்சியில் 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குக் குடிபோய், அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிவிட்டது. கல்லூரி போயே போச்சு. ஆனால் அவிநாசி ரோட்டில் 'ஹோப்ஸ் காலேஜ்' என்று சொல்லி இறங்குகிறவர் ஒருவர்கூட வழி தவறுவதில்லை. ஆர்தர் லாலி என்கிற கவர்னர் 1911இல் பதவி முடிந்து கிளம்பிப் போனார். அவர் யார் என்று லாலி ரோட்டில் டீ குடிக்கும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் லாலி ரோடு என்றால் ஆட்டோக்காரர் மறு பேச்சில்லாமல் வண்டியைக் கிளப்புவார். நமக்குப் பிடித்த தலைவர்கள் பெயரில் தொலைந்துபோகிறோம், யாரென்றே தெரியாத வெள்ளைக்காரர்கள் பெயரில் சரியாகப் போய்ச் சேர்கிறோம். காரணம் ஒன்றுதான். அவை ஊருக்கு ஒன்று. நல்லவேளை, அன்றைக்குத் தாங்கள் பொறுப்பில் இல்லை. இருவரும் ஆர்தர். இரண்டையும் ஆர்தர் ரோடு என்று வைத்து, ஒரு பெயரை மிச்சம் பிடித்திருப்பீர்கள்.

இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அவர் மனைவி ஆம்புலன்ஸ்காரரிடம் போனில் விலாசம் சொல்கிறாள். எந்த மாரியம்மன் கோயில் வீதிங்க, பக்கத்தில் என்ன இருக்கு என்று எதிர்முனையில் கேட்கிறார்கள். கேட்காமல் இருக்க முடியாது, கேட்டால்தான் சரியான வீட்டுக்கு வர முடியும். ஒரு மளிகைக் கடையின் பெயரைச் சொல்லி, அதுவும் ராத்திரியில் ஷட்டர் போட்டிருக்கும் என்று நினைவு வந்து, மகனைக் கைவிளக்கோடு மெயின் ரோட்டுக்கு ஓடச் சொல்லி, அந்த அம்மாள் தவிக்கிறாளே, அந்த நிமிஷங்களுக்கு யார் பொறுப்பு? பெயர் வைத்தவருக்கு மாலை விழுந்தது, படம் வந்தது, கல்லில் அவர் பெயர் தெருவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஏறியது. விலாசம் சொல்லிச் சொல்லி நாக்கு வறள்வது மட்டும் எங்களுக்கா? ஒரு வீதி எங்கே இருக்கிறது என்று சொல்லக் கையாலாகாத பெயரை அந்த வீதியின் முகப்பில் நட்டு வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பொறுத்தருள வேண்டும் பெரியோர்களே. காலையில் காபி சரியில்லை. சிக்கனத்துக்கே வருகிறேன்.

ஊர்ப் பெயர்களின் குழப்பமும் தப்பான விலாசங்களும் பெருகியதால்தான் 1972 ஆகஸ்ட் 15இல் தபால்துறை ஆறு இலக்கப் பின்கோடு கொண்டுவந்தது. அது கடிதத்தை வட்டாரத் தபால் நிலையம் வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மேல் தபால்காரரின் ஞாபகசக்திதான். இந்தத் தேசத்தில் பராமரிப்புச் செலவில்லாமலே வேலை வாங்கும் ஒரே சர்வர் அந்த மனிதரின் தலை. 2025இல் 'டிஜிபின்' வந்தது. பத்து எழுத்து, கிட்டத்தட்ட நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒன்று. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று என்று கிடைக்கும். குளியலறைக்குத் தனி அடையாளம் வந்துவிட்டது, வீதிக்குத்தான் இன்னும் இல்லை.

2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க அரசாணை வந்தது. எடுத்துத்தான் ஆக வேண்டும். தன் தெருப் பெயரைச் சொல்லவே கூசி நின்றவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதே மாதம் அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தபோது, பெயரின் கடைசிப் பாதி இருக்கலாமா கூடாதா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. எனக்குப் பயம் வேறு இடத்தில். எடுத்த பெயருக்குப் பதிலாக எதை வைக்கப் போகிறீர்கள்? தங்கள் கை சிக்கனக் கை. காமராஜர், பாரதியார், அண்ணா போன்ற நாலைந்து பெயர்களையே மறுபடி எடுத்து ஊர் முழுக்க ஓட்டிவிட்டால், இன்னும் எத்தனை கேட்டுக்கு முன்னால் எத்தனை வசூல் பையன்கள் நிற்பார்கள்? அந்த வீதியில் இருந்த கிணறு, மரம், மில், பஞ்சுக் கிடங்கு, பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார், பிரசவம் பார்த்த கிழவி என்று பெயராகக் கூடியவை கொட்டிக் கிடக்கின்றன. எடுத்துப் போட ஒரு பைசா செலவில்லை.

சிக்கனத்துக்கு உண்மையான வாத்தியார்கள் எங்கள் கிராமத்துக்காரர்கள். ஒரே ஊரில் ஏழெட்டுப் பழனிசாமி இருப்பது கொங்கு நாட்டில் சாதாரணம். யாரும் கமிட்டி போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஒருவர் மோட்டார் பழனிசாமி, ஒருவர் தறிக்காரப் பழனிசாமி, மேற்கால தோட்டத்துப் பழனிசாமி, சோடாக்கடைப் பழனிசாமி. பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டால் சின்னப் பயல்கூடச் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவான். அம்மா அப்பா வைத்த பெயருக்கும் பழுதில்லை, ஆளும் மாறிப் போவதில்லை.

ஆகவே பெரியோர்களே, தங்கள் காலடியில் சில விண்ணப்பங்கள். மாநகரத்தில் எந்தப் பெயர் எத்தனை வீதிக்கு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கோயில் வீதிகளின் பெயரை மாற்ற வேண்டாம், அந்தந்தப் பழைய ஊரின் பெயரை முன்னால் சேர்த்துப் பலகையில் எழுதுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. வீதியின் இரண்டு முனையிலும் பலகை நடுங்கள், கூடவே பின்கோடும் எழுதுங்கள். அதன் மேல் வாழ்த்து போஸ்டர் ஒட்டுகிறவரிடம் அபராதம் வாங்குங்கள், அந்தக் காசில் அடுத்த பலகை எழுதிவிடலாம். பழைய எண்ணா புதிய எண்ணா என்று ஏதாவது ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. இனி புதுப் பெயர் சூட்டு விழாவுக்கு வரும் பிரமுகர் யாராக இருந்தாலும், ரயில்வே ஜங்ஷன் வாசலில் தனியாக ஒரு ஆட்டோவில் ஏற வேண்டும். முன்னால் கார் கூடாது, கையில் செல்போன் கூடாது. சூட்டப் போகும் பெயரை மட்டும் டிரைவரிடம் சொல்ல வேண்டும். சரியான வீதிக்கு வந்து சேர்ந்தால் அவரே திரையை விலக்கலாம், நாங்கள் மாலையோடு நிற்கிறோம். சேராவிட்டால் ஆட்டோ வாடகையை அவர் கைக்காசிலிருந்து கொடுக்கட்டும், அன்றைக்கே வேறு பெயர் யோசிப்போம்.

இப்படிக்குத் தங்கள் சிக்கனத்தில் திளைக்கும்,
புல்லட் இல்லாத பழனிசாமி