முப்பத்து மூன்று அங்குலப் பெருமை

முண்டக்கயம் தாண்டி, தேசிய நெடுஞ்சாலை 183இல் வளைந்து வளைந்து பீர்மேட்டுக்கு ஏறி வரும் பிக்கப்களில் முதலில் கண்ணில் படுவது சக்கரம்தான். இசுசு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ, கம்பெனி மாட்டிக் கொடுத்ததைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயரும் கறுப்பு அலாய் வீலும் பூட்டிய வண்டிக்குத் தனி அழகு உண்டு. அதை மறுப்பவர் கண் இல்லாதவர். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி, பீலி சூட்டி நின்ற வேல்களையும் ஔவை அழகில்லை என்று சொல்லவில்லை. அவள் காட்டிய வழியில் இந்தச் சக்கரங்களின் புகழையும் யாராவது பாட வேண்டும்.

முதலில் கொடை. ஹைலக்ஸின் ஒரு ரகத்துக்குக் கம்பெனி போடும் டயர் 265/65 ஆர்17. குறுக்களவு ஏறக்குறைய 776 மி.மீ. அந்த இடத்தில் 285/70 ஆர்17 ஏறினால் அது 831 மி.மீ. ஆகிறது. நூற்றுக்கு ஏழு கூடுதல். இந்தச் சேதி டேஷ்போர்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. முள் அறுபதில் நிற்கும்போது வண்டி அறுபத்து நான்கில் ஓடுகிறது. மீட்டர் ஆயிரம் கிலோமீட்டர் என்று எழுதும்போது வண்டி 1,070 ஓடி முடித்திருக்கிறது. மிச்ச எழுபதைக் கணக்கிலேயே சேர்க்காத இந்தத் தாராளம் வேறு யாருக்கு வரும்? ஆயில் மாற்றும் நாளும் அதே அளவு தள்ளிப்போகிறது. எஞ்சின் வாய் திறப்பதில்லை.

குறுக்களவில் 55 மி.மீ. கூடியதல்லவா, அதில் வண்டியின் வயிறு தரையிலிருந்து உயர்வது பாதிதான்: 27 மி.மீ., அதாவது ஓர் அங்குலமும் கொஞ்சமும். டயர், வீல் எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. வண்டிப்பெரியாற்றுத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள்கூலி ஐந்நூறு ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. அவள் அட்டைக்கடியிலும் மழையிலும் இருநூறு நாள் நின்று சேர்க்கும் பணத்தை ஓர் அங்குல உயரத்துக்காக எடுத்து வைக்கும் மனசைச் சின்ன மனசு என்று யாரும் சொல்ல முடியாது.

கொடைக்கு அடுத்தது துணிவு. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயத்துக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். மழைக்காலத்தில் பாதி வழி மூடுபனி. டிஸ்க்கும் காலிபரும் மாறாமல் சக்கரம் மட்டும் வளர்ந்தால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு நூற்றுக்கு ஆறேழு குறைகிறது. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைத் தாங்கி இறக்குவது இந்த மலையின் டிரைவர்கள் தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கும் பாடம். அந்தத் தாங்கலும் அதே அளவு தளர்கிறது. போதாததற்குப் பெரிய டயரின் எடை வேறு, சுழல ஆரம்பித்தால் நிறுத்துவது சிரமம். 2025 ஜனவரி 6 அன்று இதே பாதையில் புல்லுபாறையில் கேரள அரசுப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட சாலையில், தன் பிரேக்கில் ஒரு பங்கை அழகுக்கு விட்டுக்கொடுத்து, பின்சீட்டில் பிள்ளைகளையும் உட்கார வைத்துக்கொண்டு இறங்குகிறவரின் நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதல்ல.

துணிவில் இன்னொரு வகையும் உண்டு. பெரிய டயர் பல வண்டிகளில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் நுழையாது. ஆகவே பழைய சின்ன டயரே அங்கே இருக்கிறது. காட்டுப் பாதையில் பஞ்சரானால் மூன்று பெரியதும் ஒரு சின்னதுமாக ஃபோர்வீல் போட்டு ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தைத் தன் பல்லில் வாங்கிக்கொள்கிறது.

பீர்மேட்டின் மழையைச் சொல்லத் தேவையில்லை. கேரளத்திலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. சேறு கிழிக்கும் எம்டி டயருக்கு இதைவிட ஏற்ற ஊர் உண்டா என்று நினைப்பவர்கள் கடையில் விசாரிக்கிறார்கள். ஆனால் வார இறுதியில் வருகிறவரின் ஓட்டத்தில் பெரும்பங்கு தார் ரோடு. கட்டைகட்டையான அந்த ரப்பர், கட்டைகளுக்கு இடையே வெற்றிடம் விட்டு, நனைந்த தாரைக் குறைந்த அளவே தொடுகிறது. நிற்க அதிக தூரம் கேட்கிறது. நல்ல விஷயம்தான். எதிரே வரும் பால் வண்டிக்காரர் அதிக நேரம் அதன் அழகைப் பார்க்கலாம்.

பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. பெயின்ட் உரிந்தது, படுதா கிழிந்தது. 6.00-16 என்று ஆறங்குல அகல ஒல்லி டயர். பிளேட் ஒடிந்து அடிக்கடி ஒர்க்ஷாப் வாசலில் கிடக்கும். கம்பத்திலிருந்து இருட்டிலேயே ஏலத்தோட்டப் பெண்களை ஏற்றி வருவது, தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவது, அரிசி, சிமென்ட், சவப்பெட்டி என்று எதையும் மறுக்காமல் சுமப்பது, இவ்வளவுதான் அதன் பிழைப்பு. இந்த மண் செம்மண் களி, அடியில் பாறை. ஒல்லி டயர் களியை வெட்டிக்கொண்டு இறங்கிப் பாறையைப் பிடிக்கிறது. அகல டயர் களியின் மேலேயே நின்று சுழன்று, பல்லிடுக்கெல்லாம் மண் அடைத்துக்கொண்டு வழுவழுவென்று ஆகிவிடுகிறது. அப்போது கயிறு போட்டு இழுக்க அந்தப் பீத்தல் ஜீப்தான் வர வேண்டியிருக்கிறது.

அகல டயருக்கு வேலையே இல்லை என்பதில்லை. ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் ஹைலக்ஸுக்கு 38 அங்குலம், 44 அங்குலம்கூடப் பூட்டுகிறது. காற்றை வெகுவாக இறக்கி, பனியின் மேல் மிதந்து போவதற்கு. அதற்காக மட்கார்டை வெட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, கியர் விகிதத்தையும் சரிக்கட்டுகிறார்கள். எங்கள் பக்கம் டயர் மட்டும் வந்து சேர்கிறது. பனிப்பாறை பின்னால் வரும் என்ற நம்பிக்கை போலும்.

வீலை வெளியே தள்ளி நிறுத்தும் ஆஃப்செட்டைப் புகழாவிட்டால் பாவம். பாடியைத் தாண்டி நாலு விரல் வெளியே நிற்கும் சக்கரம் பேரிங்கையும் பால் ஜாயின்ட்டையும் சும்மா இருக்க விடுவதில்லை. மெக்கானிக்குகளின் வீட்டில் அடுப்பு எரிகிறது. மட்கார்டு மறைக்காததால் சேற்றையும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, வழியில் நடப்பவர்களுக்கு வாரி வழங்குகிறது. வாங்குகிறவர்கள் தலையில் கொழுந்து மூட்டையோடு ஓரம் ஒதுங்கும் பெண்களும் பள்ளிக்கூடம் விட்டு லயத்துக்கு நடக்கும் பிள்ளைகளுமே.

பாதைக்கும் ஈகை உண்டு. எஸ்டேட் ரோடு என்பது கல் பரப்பி மண் இட்டு உருட்டியது. அதன் மேல் எம்டி டயர் சுழன்றால் கல் பெயர்ந்து இரண்டு நீளப் பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் அது வாய்க்கால். பீர்மேடு டீ கம்பெனியின் தோட்டங்கள் 2000இல் மூடப்பட்டன. மூடிய தோட்டத்தில் பெயர்ந்த கல்லைத் திரும்ப வைக்க ஆள் கிடையாது. லயத்தில் இன்னும் குடியிருப்பவர்களின் வீட்டுக்கு ஆட்டோ வர மறுப்பதும் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நிற்பதும் அந்தப் பள்ளங்களால்தான். 2022 மே மாதம் வாகமண் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே ஆஃப்ரோடு கூத்து நடந்தது. அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருந்தது. பெயர்பெற்ற ஒரு மலையாள நடிகரும் ஓட்டினார், மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. படம் நாடெங்கும் பரவியது. தேயிலை வேருக்குக் காற்றோட்டம் தர எவ்வளவு பெரிய மனிதர்கள் மெனக்கெடுகிறார்கள் பாருங்கள்.

சட்டத்தின் மேல் இவர்கள் வைத்திருக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வைத்தது. ஆகவே அதிகாரி வண்டியைப் பார்க்கும் நாளில் கம்பெனி டயர் திரும்ப ஏறுகிறது. அன்று ஒருநாள் முள் சரியாகக் காட்டுகிறது, பிரேக் முழுதாகப் பிடிக்கிறது. மறுநாள் அந்தக் கம்பெனி டயர்கள் மீண்டும் வீட்டு மூலைக்குப் போகின்றன. அதே 265/65 ஆர்17 அளவில், தாருக்கும் சேற்றுக்கும் நடுவான ஏடி டயர் கோட்டயத்திலேயே கடையில் கிடைக்கிறது. நம்பரைச் சொன்னால் போதும்.