ஒன்றுக்கு மேல் போனால்

ஆங்கிலத்தில் வாத்து ஒன்றென்றால் கூஸ். இரண்டு சேர்ந்தால் கீஸ். அந்தத் தைரியத்தில் மூஸ் என்ற கொம்பு மானைப் பார்த்து ‘மீஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். நூறு வந்தாலும் அது மூஸ்தான். வாத்து அந்த மொழியின் பூர்வகுடி. நடு உயிரெழுத்தைத் திரித்துக்கொள்ளப் பரம்பரை உரிமை உண்டு. மூஸோ வட அமெரிக்காவின் அல்கோன்கிய மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. வந்தேறிக்கு ஏது அந்தச் சலுகை?

பட்டாணியின் கதை பரிதாபம். ‘பீஸ்’ என்பது ஆதியில் ஒருமை. கடைசியில் ஸகரம் கேட்டதால் பன்மையென்று சந்தேகப்பட்டு வாலை நறுக்கினார்கள். மிச்சம் ‘பீ’. தமிழ்க் காதோடு சுண்டல் சாப்பிடுகிறவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சைல்டுக்கு ‘சில்டர்’ என்றே ஒரு பன்மை இருந்தது. போதாதென்று ஆக்ஸனில் தொங்கும் ‘அன்’னையும் மேலே ஒட்டி, சில்ட்ரன். நம்மூர்ப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் மூன்றாவதாக ஒரு ‘ஸ்’ போட்டு ‘சில்ட்ரன்ஸ்’ என்றால் மட்டும் சிரிக்கிறோம்.

நாமும் யோக்கியமில்லை. பன்மையாக இருந்த ‘அவர்’ஐ மரியாதைக்காக ஒருவருக்கே தாரைவார்த்தோம், பன்மைக்குக் கொஞ்சம் ‘கள்’ ஊற்றினோம். பிறகு ‘அமைச்சர் அவர்கள்’ என்று அதையும் ஒற்றை ஆளே குடித்துவிட்டார். நிஜமாகவே ஐந்து பேர் மேடையேறினால், ‘அமைச்சர் பெருமக்கள்’ என்று வேறு சரக்கு தேட வேண்டியிருக்கிறது.