தூக்குப்பாலத்தின் முன் குடும்பக் கார்: ஓர் ஆய்வு

நெதர்லாந்து தட்டையான நாடு. நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வடகோடியிலிருந்து தென்கோடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்தான். சாலையில் குழி இல்லை, மாடு இல்லை, கட்சி ஊர்வலமும் இல்லை. இத்தகைய நாட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்வதாகச் சொல்லிக் காலையில் கிளம்பிய ஒரு குடும்பம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்வது எங்ஙனம்? அறிஞர்கள் இதுவரை தொடாத இவ்வினாவை இக்கட்டுரை தொடுகிறது.

வேகக் கட்டுப்பாடே காரணம் என்பார் ஒரு சாரார். காற்றில் நைட்ரஜன் மாசைக் குறைக்க, 2020 மார்ச் முதல் அங்கே பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிவரை 100 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அற்றன்று. நூறில் போனாலும் மூன்று மணி நேரத்தில் நாடே முடிந்துவிடும். சைக்கிள்களே காரணம் என்பார் பிறிதொரு சாரார். மக்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்குத் தனிப்பாதை உண்டு, அவை தம் வழியே போகின்றன. பாலாடைக்கட்டிக் கடையும் பான்கேக் கடையும் தாமதத்துக்குக் காரணம் என்று கொள்வாரும் உளர். விரும்பி நிற்பது தாமதம் ஆகாது என்க. இவையெல்லாம் கழிந்தபின் எஞ்சுவது ஒன்றே: தூக்குப்பாலம்.

இனி நிலம். தொல்காப்பியர் இந்த நாட்டுக்குப் போயிருந்தால் இரண்டே திணைகளோடு நூலை முடித்திருப்பார். வயலும் வாய்க்காலும் மருதம். கடலும் கழியும் நெய்தல். இரண்டுக்கும் எல்லை எது என்று சொல்வது கடினம். நேற்று நெய்தலாய் இருந்ததை இன்று மருதமாக்குவது அந்நாட்டாரின் பரம்பரைத் தொழில். பேம்ஸ்டர் என்ற ஏரியைக் காற்றாலைகளால் இறைத்து 1612-இல் வயலாக்கினார்கள். கடலடியாய்க் கிடந்த நிலத்தை மீட்டு, 1986-இல் ஃப்ளேவோலாண்ட் என்று ஒரு மாகாணமே அமைத்தார்கள். மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல், நெய்தலுக்கு இரங்கல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட காரில், திருப்பத்தைத் தவறவிட்டது யார் என்பது பற்றி முன்னிருக்கைகளில் ஊடலும், பசி பற்றிப் பின்னிருக்கையில் இரங்கலும் நிலவின. இலக்கணம் பொய்க்கவில்லை.

அந்தக் கார் ஐந்தோவன் நகரில் குடியிருக்கும் என் அக்கா வீட்டுக் கார். ஓட்டுநர் அத்தான். வழி சொல்பவள் அக்கா. பின்னால் பிள்ளைகள் இருவர், அவர்களுடைய அப்பாயி, நடுவில் மடங்கி உட்கார்ந்த ஆய்வாளன். காலடியில் சாப்பாட்டுப் பை. வடக்கே ஃப்ரீஸ்லாண்ட் மாகாணத்துக்குப் போவது திட்டம். அதுவோ ஏரிகளும் கால்வாய்களும் பாய்மரப் படகுகளும் நிறைந்த சீமை. ஆய்வுக்கு உகந்த களம்.

நிகழ்வு இப்படித் தொடங்கும். சிவப்பு விளக்கு கண் சிமிட்டும்; மணி அடிக்கும்; தடுப்புக் கட்டை இறங்கும். அதன்கீழ் குனிந்து ஒரு சைக்கிள்காரர் தப்பியோடப் பார்ப்பார். பிறகு, அதுவரை சாலையாக இருந்த ஒன்று எழுந்து எதிரே சுவராக நிற்கும். "கேட் போட்டுட்டான்" என்றார் அப்பாயி. ரயில்வே கேட்டில் நின்று பழகியவர் என்பதால் உடனே கண்ணாடியை இறக்கி, வெள்ளரிப்பிஞ்சு விற்பவரைத் தேடினார். வரிசையாக நின்ற இத்தனை கார்களுக்கு நடுவே ஒரு கடலைப் பொட்டலம்கூட விற்கப்படாதது அந்நாட்டுப் பொருளாதாரத்தின் ஆறாத குறை என்பது அவர் துணிபு. ஆய்வாளனும் அதற்கு உடன்படுகிறான்.

பாலங்களில் வகை உண்டு. மேலே இரு மரத்தூலங்களும் அவற்றின் பின்முனையில் எதிரெடையும் கொண்டு, ஒற்றை ஆள் சங்கிலியால் இழுத்துத் திறக்கக்கூடியது பழைய வகை. எதிரெடையைத் தரைக்கடியில் ஒளித்துவைத்திருப்பது இன்னொன்று. சில பாலங்கள் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். சில அப்படியே மட்டமாக மேலே ஏறிக்கொள்ளும். ஃப்ரீஸ்லாண்டின் தலைநகரான லேவார்டனில் 2000-இல் கட்டியது இவற்றில் எதிலும் அடங்காது. ஒரு பெருங்கை, சாலையிலிருந்து ஒரு சதுரத் துண்டைப் பெயர்த்து வானத்தில் தூக்கிக் காட்டும். அவ்வூரில் பிறந்த ஸ்லவர்ஹாஃப் என்ற கவிஞரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். போக்குவரத்தை நிறுத்தும் ஒன்றுக்குக் கவிஞர் பெயரைச் சூட்டியது பொருத்தமே.

பாலக் காவலர் என்ற இனம் அருகி வருகிறது. முன்பெல்லாம் அவர் பாலத்தருகே சிறு அறையில் இருந்து, படகு வந்ததும் தூண்டிற்கோலின் முனையில் ஒரு மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்; படகுக்காரர் சுங்கக் காசை அதில் போடுவார். இன்னும் சில இடங்களில் இது உண்டு. மற்ற பல பாலங்களை இப்போது எங்கோ ஓர் அலுவலகத்தில் அமர்ந்து கேமரா வழியாகத் திறந்து மூடுகிறார்கள். தொலைவிலிருந்து ஒருவர் நம்மை நிறுத்துகிறார், அவர் முகம் நமக்குத் தெரியாது, காரணம் மட்டும் மெதுவாக மிதந்து வருகிறது. கோடையில் பாலமே தன்னிச்சையாக நடப்பதும் உண்டு. வெயிலில் இரும்பு விரிந்து, திறந்தது மூடாமலும் மூடியது திறக்காமலும் சிக்கிக்கொள்ளும். எனவே ஆம்ஸ்டர்டாமில் பாலங்கள் மீது தண்ணீர் பீய்ச்சிச் சூடு தணிக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துவிடும் வழக்கம் இன்னும் வரவில்லை.

காத்திருக்கும் காருக்குள் நிகழ்வன: அத்தான் எஞ்சினை நிறுத்துவார். நிறுத்தச் சொல்லிப் பாலத்தருகே பலகையே வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றதும் ஊடல் நிற்கும். திருப்பம் தவறியதற்கு இப்போது பாலத்தைக் குறை சொல்லலாம் அல்லவா. அக்கா சாப்பாட்டுப் பையைத் திறப்பாள். எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பாகு வைத்த ஸ்ட்ரோப்வாஃபல், கறுப்பு மிட்டாய். இந்த மிட்டாயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உப்பும் கசப்புமாக இருக்கும். வெளிநாட்டார் வாயில் போட்ட வேகத்தில் துப்புவார்கள். அந்நாட்டுக் குழந்தைகள் கேட்டுக் கேட்டுத் தின்பார்கள். அப்பாயி ஒன்றை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"அதிமதுரம்டா இது. தொண்டைக்கு நல்லது. இன்னொண்ணு குடு."

குடும்பத்திலேயே அவர் ஒருவர்தான் அதை முழுதாகத் தின்று முடித்தார்.

முதல் நாள் ஒரு பாய்மரப் படகு வந்தது. படகில் ஒரு முதிய தம்பதி, ஒரு சிறு நாய், கையில் ஒயின் கோப்பைகள். இவர்கள் இருவருக்காகச் சாலையின் இருபுறமும் கார்கள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தம்பதி கையசைத்தார்கள், பிள்ளைகளும் அசைத்தார்கள். நீர்வழியில் செல்பவருக்கு முன்னுரிமை என்பது அங்கே சட்டப் புத்தகத்தில் தொடங்கியதாகத் தெரியவில்லை, ரத்தத்தில் இருக்கிறது. வடக்கே டெல்ஃப்சைலிலிருந்து தெற்கே ஃப்ளிசிங்கன்வரை, பாய்மரத்தை மடக்காமலே படகு நாட்டைக் கடக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவ்வழியில் நெடுஞ்சாலைப் பாலங்கள்கூட எழுந்து வழிவிடும். உயரமான மூன்று பாய்மரத்தூண்களோடு அமேசான் நிறுவனருக்காகக் கட்டிய உல்லாசக் கப்பலுக்கு மட்டும் அந்த மரியாதை வாய்க்கவில்லை. ராட்டர்டாமில் 1927-இல் கட்டிய பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்ற வேண்டும் என்று 2022-இல் பேச்சு எழுந்ததும், கப்பல் மீது அழுகிய முட்டை எறிவோம் என்று ஊரார் கிளம்பிவிட்டார்கள். கப்பல் தூண்கள் இல்லாமல் வேறு வழியாகப் போயிற்று. எழுந்து வழிவிடும் பாலத்துக்கும் ஒரு மானம் உண்டு.

ஆய்வின் தலையாய சான்று ஒரு சரக்குப் படகு. மணல் ஏற்றிக்கொண்டு, நீர்மட்டத்தோடு மட்டமாக, நீளமாக, அவசரமே இல்லாமல் அது வந்தது. பின்கோடியில் வீடு. சன்னலில் லேஸ் திரை, பூந்தொட்டி, கொடியில் காயும் குழந்தைச் சட்டை. தளத்தில் வேலியடித்த ஒரு விளையாட்டு மூலை. அதற்குப் பக்கத்தில், கிரேன் வைத்துத் தூக்கி ஏற்றிய ஒரு கார். அதாவது ஒரு குடும்பமும் அதன் காரும் போவதற்காக, இன்னொரு குடும்பமும் அதன் காரும் நிற்கின்றன. முந்தையவர்கள் வீட்டை விட்டு இறங்காமலே ஊர் சுற்றுகிறார்கள். பிந்தையவர்கள் ஊர் சுற்றக் கிளம்பி, வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுகிறார்கள். இவர்களுள் பயணி யார்? பிள்ளைகள் இதை ஐயமின்றித் தீர்த்தார்கள்: "அப்பா, நாம ஏன் கப்பல் வாங்கல?" அத்தான் விடை கூறாமல், பாலம் இன்னும் இறங்காதபோதே எஞ்சினை முடுக்கினார்.

எதிர்வாதிகள் நீர்ப்பாலங்களைக் காட்டுவர். ஹார்டர்வைக் அருகே 2002-இல் ஏரியைச் சாலைக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். கார் கீழே போகும், படகு தலைக்கு மேலே போகும். எங்க்ஹௌசனில் 2003-இல் படகுகளுக்கான மதகையே சாலையின் மேல் கட்டினார்கள். பொறியியல் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் ஹார்டர்வைக்கில் ஏரிக்கடியில் கார் நுழைந்து வெளிவந்ததை அப்பாயி கவனிக்கவே இல்லை. சாப்பாட்டுப் பையைத் திறக்கவும் நேரமில்லை.

இறுதியாக ஓர் ஒப்பாய்வு. தென்கோடியில் வால்ஸ் அருகே 322 மீட்டர் உயரமுள்ள மேடு ஒன்று இருக்கிறது. பெருநிலத்து நெதர்லாந்தில் அதைவிட உயரம் கிடையாது. அந்த மேட்டுச் சாலைகளில் தூக்குப்பாலம் இல்லை. குடும்பம் குறித்த நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. உச்சியில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூன்றும் கூடுமிடத்தில் ஒரு கல். பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடி, ஒரு நிமிடத்துக்குள் மூன்று நாடுகளையும் பலமுறை பார்த்து முடித்து, "அடுத்து என்ன?" என்றார்கள். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. திரும்பும் வழியை யார் தீர்மானிப்பது என்பதில் தொடங்கிய ஊடல் ஐந்தோவன்வரை நீடித்தது. நிலமோ மேடு, மருதத்துக்கு உரியது அங்கே வரலாகாது. இலக்கணத்தோடு பொருந்தாமையால் இத்தரவு முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.