பாண்டிச் சில்லும் மொகஞ்சதாரோவும்

1971இல் நான் ஐந்தாம் வகுப்பு. மதுரையிலிருந்து இராமநாதபுரம் போகிற சாலையில், கீழடி விலக்குக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். அப்போது கீழடி என்றால் தென்னந்தோப்பு. தேங்காய் வாங்கப் போகிறவர்களையும் பெண் எடுத்தவர்களையும் தவிர வேறு யாருக்கும் அந்த ஊரில் சோலி கிடையாது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, ஒரு ஓட்டுக் கொட்டகை. சின்ன வாத்தியார் ஒன்றையும் இரண்டையும் திண்ணையில் வைத்துக்கொள்வார். பெரிய வாத்தியார் உள்ளே ஒரே நேரத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, நான்காம் வகுப்புக்கு அசோகர், ஐந்தாம் வகுப்புக்கு மொகஞ்சதாரோ என்று நடத்துவார். இன்றைக்கும் அசோகரை நினைத்தால் பின்னணியில் ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு என்று ஒலிக்கிறது எனக்கு.

வரலாறு என்றால் கேள்வி-பதில். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதி, மனப்பாடம் செய்து, மறுநாள் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும். சுட்டியான பிள்ளைகள் சீக்கிரமே ஒரு சூட்சுமம் கண்டுபிடித்திருந்தோம். எந்த மன்னரைப் பற்றிக் கேட்டாலும், “சாலையின் இருபுறமும் மரம் நட்டார், குளம் வெட்டினார், சத்திரம் கட்டினார்” என்றால் பாதி மார்க் நிச்சயம். ஷெர்ஷாவுக்கும் அதேதான், ராணி மங்கம்மாளுக்கும் அதேதான். பார்க்கப்போனால், தப்பும் இல்லை.

எங்கள் ஊர்ச் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் சுண்ணாம்புப் பட்டை, அதற்கு மேல் கறுப்பு மையில் ஒரு நம்பர். அது அசோகர் எண்ணிவைத்த நம்பர் என்று என் சேக்காளி ஒருத்தி சொன்னாள். ஏழாம் வகுப்புவரை நான் நம்பினேன். நெடுஞ்சாலைத் துறையிடம் வருஷா வருஷம் புளி ஏலம் எடுத்த ஆள், உதிர்ந்த பழம் பொறுக்குகிற எங்களைக் கம்போடு விரட்டுவார். அவரை அசோகருடைய கணக்குப்பிள்ளை என்று வைத்திருந்தோம்.

இப்போது சில்லுக்கு வருகிறேன்.

பாண்டி ஆடுவதற்குச் சில்லு முக்கியம். புது ஓட்டு உடைசல் உதவாது, எறிந்தால் துள்ளிப் பக்கத்துக் கட்டத்துக்கு ஓடிவிடும். எங்கள் ஊர்க் காடுகளில் உழவு முடிந்து ஒரு மழை பெய்தால், மண்ணிலிருந்து பழைய பானை ஓடுகள் தலைநீட்டும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, மெழுகினாற்போல வழவழப்பு. ஒன்றை எடுத்து, கருங்கல்லில் தண்ணீர் விட்டு ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் வட்டமாகிவிடும். இரண்டு நாள் வேலை. எச்சில் தொட்டு எறிந்தால், விழுந்த இடத்தில் அட்டைபோல ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்து ஒரு முழுக்கோடை தோற்காமல் ஆடியிருக்கிறேன். ராத்திரி தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன், பகலில் பாவாடை மடிப்பில்.

அன்றைக்கு ஐந்தாம் வகுப்பின் முறை வந்தது. “மொகஞ்சதாரோ என்பதன் பொருள் என்ன?” என்றார் வாத்தியார். எழுந்து, “இடுகாட்டு மேடு” என்றேன். எழுந்த வேகத்தில் மடிப்பு அவிழ்ந்து, சில்லு ‘டொக்’கென்று தரையில் விழுந்து, அவர் காலடிவரை உருண்டுபோய்ப் படுத்தது.

குனிந்து எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம் கட்டைவிரலால் தடவக்கூடச் செய்தார். பிறகு, “ஓட்டாஞ்சில்லியப் பொறுக்கத்தான் ஒங்கப்பன் பள்ளிக்கூடம் அனுப்புனானா?” என்று கேட்டு, ஜன்னல் வழியே ஊமத்தம் புதருக்குள் வீசினார். புளியவிளாரால் இரண்டு. அதுபோக இம்போசிஷன்: ‘மொகஞ்சதாரோவில் வாழ்ந்த சிறுவர்கள் சுடுமண் பொருள்களை வைத்து விளையாடினார்கள்.’ பத்துத் தடவை.

எழுதினேன். ஒரு சந்தேகமும் வரவில்லை எனக்கு, அவருக்கும்தான். சிந்து நதி எங்கேயோ இருந்தது, ஊமத்தம் புதர் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

அதே 1970களில்தான், மூன்று மைலுக்கு அந்தப் பக்கம் கீழடிப் பள்ளியில் பாலசுப்பிரமணியம் என்ற ஆசிரியர், கிணறு வெட்டிய இடத்திலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த பொருள்களை வீசாமல் வாங்கிவைத்து, தொல்லியல் துறையில் இருந்த வேதாசலத்துக்குச் சேதி சொன்னார் என்பது எனக்கு வயதான பிறகுதான் தெரிந்தது. எந்த ஊரில் பிறந்து எந்தப் பள்ளியில் போய்ச் சேர்கிறோம் என்பதும் ஒரு ஜாதகம்தான்.

1984இல் நானே இடைநிலை ஆசிரியை ஆனேன். விளார் எடுப்பதில்லை என்று ஒரு சபதம், பிள்ளைகளின் பையில் கிடைப்பதை வீசுவதில்லை என்று இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் காப்பாற்றினேன். இரண்டாவதால் என் மேசை அறை நிறையக் கோலிக்குண்டு, பம்பரம், உடைந்த வளையல், ஒருமுறை உயிருள்ள ஓணான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டே காலம்: ‘அந்தக் காலம்’, ‘இந்தக் காலம்’. அந்தக் காலத்தில் காந்தி, கரிகாலன், டைனோசர், அவர்களுடைய தாத்தா, நான் எல்லாரும் ஒரே தெருவில் குடியிருந்தோம். “டீச்சர், நீங்க ராசராச சோழனப் பாத்திருக்கீங்களா?” என்று ஒரு பையன் கேட்டான். குறும்புக்கல்ல, உண்மையாகவே கேட்டான். எனக்கு அப்போது முப்பது வயது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுபோனேன். ஒரு சாண் என்றால் நூறு வருஷம். கரும்பலகை ஆணியில் ஒரு முனையைக் கட்டினால் அது இன்றைக்கு. அங்கிருந்து பிள்ளைகளே சாண் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பத்தாவது சாணில் தஞ்சாவூர்ப் பெரிய கோயில், சிவப்புத் துணி முடிச்சு. இருபத்திரண்டரையில் அசோகர், பச்சை முடிச்சு, மரம் நட்டவராயிற்றே. மொகஞ்சதாரோ நாற்பத்தைந்து. அது வகுப்புக்குள் அடங்காது. கயிற்றை இழுத்துக்கொண்டு வாசல் தாண்டி வேப்பமரத்தில் கட்டினோம். “டீச்சர் எங்க?” என்றார்கள். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை, என் வயதுக்கு நாலு விரல்கூட வரவில்லை. ராஜராஜனைப் பற்றிக் கேட்ட பையன் என்னையும் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தான். “இவ்வளவுதானா டீச்சர் நீங்க?” என்றான், ஏமாற்றத்தோடு.

கி.மு. ஏன் பின்னாலிருந்து முன்னால் எண்ணப்படுகிறது என்பதைக்கூட அந்தக் கயிறு ஒருவாறு சொல்லிக்கொடுத்தது. பார்வையிட வந்த அதிகாரிக்கு மட்டும் அது பிடிபடவில்லை. துணி காயப்போடவா என்று கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, துணைக்கருவிப் பதிவேட்டில் ‘கயிறு - 1’ என்று என்னையே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு புதுமைகள் வந்தன. 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல். பாய், அட்டைகள், ஏணிப்படி, தாழ்நிலைக் கரும்பலகை, பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். ஒரே பாயில் ஒருத்தி சிந்துவெளியில் இருப்பாள், ஒருத்தன் தண்டியில் உப்பு எடுப்பான், இன்னொருத்தன் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பான். நல்ல திட்டம்தான். அட்டைகளை மாலையில் அடுக்கிவைக்கத்தான் இரண்டு கை போதவில்லை.

2011இல் ஆட்சி மாறியது. சமச்சீர் கல்விப் புத்தகங்கள் உச்ச நீதிமன்றம்வரை போய், ஆகஸ்டில் தீர்ப்பு வந்த பிறகே பிள்ளைகள் கைக்கு வந்தன. அச்சாகிவிட்ட சில பகுதிகளை மறைக்க உத்தரவு. நாங்கள் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, அப்பளம் காயப்போடுகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டினோம், கறுப்பு மார்க்கரால் பூசினோம். என் பணிக்காலம் முழுவதிலும் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அவ்வளவு ஆர்வமாகப் படித்து நான் பார்த்ததில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். எச்சில் தொட்டு உரித்தார்கள். உள்ளே இருந்ததைக் கண்டதும் சப்பென்று போயிற்று அவர்களுக்கு.

கடைசி வருஷம் கியூஆர் கோடு. புத்தகத்தைக் கைபேசியால் பார்த்தால் படம் ஓடும். கைபேசி என்னுடையது, டேட்டா என்னுடையது, டவர் மட்டும் யாருடையதும் இல்லை. ஐந்தங்குலத் திரையைச் சுற்றி இருபத்தெட்டுத் தலைகள். கலிங்கத்துப் போர்க்களத்தில் அசோகர் மனம் மாறப்போகிற இடத்தில் நெட் நின்று, அவர் முகத்துக்கு நடுவே வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. வழக்கம்போல நானே மனம் மாற்றி, மரம் நடவைத்தேன்.

“எங்க டீச்சர் நட்டாரு? ரோட்டுக்கு நடுவுலயா?” என்றாள் ஒருத்தி.

திகைத்தேன். மதுரை–பரமக்குடிச் சாலை நாலுவழிச் சாலையாகி, நம்பர் போட்ட புளியமரங்கள் போய்ச்சேர்ந்திருந்தன. அந்தப் பிள்ளை பார்த்த சாலைமரம் என்பது நடுத்திட்டில் நிற்கிற அரளிச் செடி. என் அசோகர் புளியமரத்துக்கு நம்பர் போட்டார் என்றால், அவள் அசோகர் அரளிக்குத் தண்ணி லாரி விடட்டுமே.

அந்த வருஷம்தான், 2019 செப்டம்பரில், கீழடி அகழாய்வு அறிக்கை வெளியானது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று அமெரிக்க ஆய்வகம் சொல்லியிருந்தது. கயிற்றில் இருபத்தாறாவது சாண், எங்கள் வகுப்பு வாசற்படிக்கு நேரே. மஞ்சள் முடிச்சுப் போட்டோம். அறிக்கைப் படத்தில் ‘ஆதன்’ என்று எழுத்துக் கீறிய பானை ஓடு இருந்தது. பானையில் எதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டேன். அரசன் பெயரா, சாமி பெயரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு பையன், பாடம் என்றாலே வாய் திறக்காதவன், எழுந்து போய்ச் சத்துணவுத் தட்டுகள் அடுக்கியிருந்த கூடையிலிருந்து தன் தட்டை எடுத்துவந்தான். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி. அவனுடையதைத் திருப்பிக் காட்டினான். அடியில் காம்பஸ் முனையால் கீறிய அவன் பெயர், கோணல்மாணலாக, கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் வளைந்து.

“வேற எவனும் தூக்கிட்டுப் போயிறக் கூடாதுல்ல டீச்சர்” என்றான்.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் நடத்தியதாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே வரலாற்று வகுப்பு அது. நடத்தியவன் அவன்.

கொரோனா ஊரடங்கில், மாலையும் மேடையும் இல்லாமல் ஓய்வுபெற்றேன். கயிற்றைப் பதிவேட்டுப்படி ஒப்படைத்தேன்.

கீழடி அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூணுமாக அழகாகக் கட்டியிருக்கிறார்கள். மகள் வழிப் பேத்தி நான்காம் வகுப்பு. அவளையும் அவளுடைய சிநேகிதி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். பேத்தி தொடுதிரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். வரிசையாக வட்டச் சில்லுகள். ஓரம் தேய்த்தது, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கண்ணாடியில் என்னையறியாமல் விரல் வைத்திருக்கிறேன். “தொடாதீங்கம்மா” என்றார் காவலர், மரியாதையாகத்தான்.

“அம்மாச்சி, இது காயினா?” என்றாள் பேத்தி.

“பாண்டிச் சில்லு.”

“அப்டின்னா?”

மகள் வீட்டுப் பிள்ளைக்குப் பாண்டி தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை அவளுக்கு வாயால் விளக்கலாம். முப்பத்தைந்து வருஷம் அதைத்தானே செய்தேன்.

வெளியே வந்தோம். கார் நிற்கிற இடத்தில் சிமெண்டுக் கல் பாவியிருந்தது, கட்டம் வரையும் வேலை மிச்சம். சில்லுக்குத் தரையைப் பார்த்தேன். வரப்போரத்தில் ஓட்டுத் துண்டு ஒன்று, ஒரு மழை கழுவின பளபளப்போடு, கூப்பிட்டது. வாசலிலிருந்து காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில் மூடியைக் கழற்றினேன். எச்சில் தொட்டும் அது துள்ளி மூன்றாம் கட்டத்துக்கு ஓடியது, பிளாஸ்டிக்குக்கு என்ன தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டியடித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு கண்ணை மூடி, நெற்றியில் மூடியை வைத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி, முதல் கட்டத்தில் காலை வைத்தேன். இந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“ரைட்டா?”

“ரைட்டு.”

அடுத்த கட்டம்.

“ரைட்டா?”

“தப்பு அம்மாச்சி. கோட்டை மிதிச்சுட்டீங்க. நகருங்க, இப்ப என் ஆட்டம்.”