பட்டன் தம்பி

கொரோனாவுக்குப் பிறகு திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் ஒரு புது இனம் குடியேறியிருக்கிறது. வேலை பெங்களூரில், சோறு அம்மா கையால் இங்கே. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி, காதில் ஹெட்போன். இந்த இனத்திலும் ஒரு தனிப்பிரிவு உண்டு. அதுதான் பட்டன் தம்பி. "பையன் என்ன வேலை பாக்குறான்?" என்று யாரோ கேட்டதற்கு அவன் அம்மா, "செல்போனுக்குப் பட்டன் செய்றான்" என்று சொல்லிவிட்டார். தாடிக்கொம்பு டெய்லர் ஒருவர் வந்து மொத்த விலை விசாரித்துவிட்டுப் போனார்.

ஆப் எழுதுகிற எல்லாரும் பட்டன் தம்பி ஆகிவிட முடியாது. மற்றவனிடம் ஒரு திரை கேட்டால் திரையைச் செய்து தருவான். இவனிடம் கேட்டால் முதலில் அதைப் பிரித்துப் போடுவான். தலைப்பு ஒரு காம்பொனென்ட், படம் ஒன்று, விலை ஒன்று, விலைக்கு முன்னால் நிற்கும் ரூபாய்க் குறி ஒன்று. எதற்கு என்று கேட்டால், "ரீயூஸ் பண்ணலாம்ணே!"

2013-இல் பிராட் ஃபிராஸ்ட் என்கிற அமெரிக்க டிசைனர், திரையை அணு, மூலக்கூறு, உயிரி என்று படிப்படியாகக் கட்டலாம் என்று எழுதினார். மற்றவர்கள் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இவன் அணுவிலேயே தங்கிவிட்டான். 2015-இல் ஃபேஸ்புக், ஆப் எழுதும் தன் கருவியான ரியாக்ட் நேட்டிவை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது தம்பி கல்லூரியில். 2018 டிசம்பரில் அதே வேலைக்குக் கூகுளின் ஃபிளட்டர் 1.0 வந்தது. அதில் எல்லாமே விட்ஜெட். ஓர் எழுத்தை நடுவில் நிறுத்த ஒரு விட்ஜெட், சுற்றி இடம் விட இன்னொரு விட்ஜெட். தம்பி தீட்சை வாங்கிக்கொண்டான்.

அவனுடைய பட்டனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிறந்தபோது அது சாதுவான பட்டன். என்ன எழுதணும், தொட்டால் என்ன நடக்கணும் என்று இரண்டே கேள்வி கேட்கும். டிசைனர் ஐகான் கேட்டார், வைத்தான். ஐகான் வலப்பக்கம் வேண்டும் என்றார், அதற்கு ஒரு ட்ரூ-ஃபால்ஸ். லோடிங் சுற்றணும், இன்னொரு ட்ரூ-ஃபால்ஸ். தீபாவளிக்கு மட்டும் மூலை வளையணும், இன்னும் ஒன்று. இன்றைக்கு ஒரு பட்டனை வைக்கக் கிரயப் பத்திரம் மாதிரி இருபது வரி எழுத வேண்டியிருக்கிறது. வலப்பக்க ஐகானும் லோடிங்கும் தீபாவளியும் ஒன்றாக வந்தால் என்னாகும்?

"அந்த காம்பினேஷன் வராதுண்ணே."

ஐப்பசியில் வந்தது. முத்தாலம்மன் திருவிழாவில் நின்றுகொண்டிருந்தவனைப் போனில் பிடித்தார்கள். அன்று காலைதான் ஆஃபர் பேனருக்காகப் பட்டனின் பேடிங்கை, அதாவது எழுத்தைச் சுற்றி விடும் இடத்தை, கொஞ்சம் கூட்டியிருந்தான். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்பதுதானே காம்பொனென்ட்டின் பெருமை? மாறியது. பணம் கட்டும் பக்கத்தில், அந்த மூன்றும் ஒன்றாக வந்த பட்டன் திரைக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொண்டது. வாங்க வந்தவர்கள் கூடையை நிரப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் பட்டன்2 பிறந்தது. பிறகு பட்டன்நியூ. பிறகு பட்டன்ஃபைனல். அதன் பிறகு பட்டன்ஃபைனல்2.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி திடீரென்று தன் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றியபோது, மற்ற டீம்கள் வாரக்கணக்கில் திரை திரையாகத் தேடின. தம்பி ஒரே வரியைத் திருத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டான். அன்று கூடுதலாக இரண்டு அப்பளம் கேட்டு வாங்கினான்.

அவன் மாமாவுக்கு நாகல்நகரில் பூட்டுப் பட்டறை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்தே அவருக்கு ஒரு ஆப் மேல் ஆசை. நாலு பூட்டுப் படம், விலை, கூப்பிட ஒரு நம்பர், அவ்வளவுதான். "முதல்ல டிசைன் சிஸ்டம் மாமா" என்று ஆரம்பித்தான் தம்பி. ஆறு மாதமாக சிஸ்டம்தான் வளர்கிறது, பூட்டைக் காணோம். மாமா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் பட்டறைக்கே போய் விளக்கினான். "ஒண்ணு செஞ்சா எல்லாத்துக்கும் பொருந்தணும் மாமா, அதான் கெட்டிக்காரத்தனம்."

மாமா அரத்தைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு சாவி நான் செஞ்சேன்னா போலீஸ் வந்துரும் மாப்ள."

தம்பி காதில் அது விழவே இல்லை. அவன் கை மேஜையில் இருந்த மாங்காய்ப் பூட்டுக்குப் போய்விட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாமா, இதை எத்தனை பார்ட்டாப் பிரிக்கலாம்?" என்றான்.

மாமா பூட்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.